டவுன் என்றால் எந்த டவுன்?

ஜூன் 21, கேள்வி

"சென்னையில் வளர்ந்தவன். வேலை மாற்றலில் திருநெல்வேலி வந்திருக்கிறேன். இங்கே எல்லோரும் 'டவுனுக்குப் போறேன்' என்கிறார்கள். ஜங்ஷனில் நின்றுகொண்டே சொல்கிறார்கள், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நின்றும் சொல்கிறார்கள். நிற்கிற இடமும் டவுன்தானே? அகராதியைப் பார்த்தால் கிராமத்தைவிடப் பெரியது, சிட்டியைவிடச் சின்னது டவுன். திருநெல்வேலியோ மாநகராட்சி. மாநகராட்சிக்குள் ஒரு பகுதியை மட்டும் டவுன் என்பது பிழையான ஆங்கிலம் என்பது என் கருத்து."

ஜூன் 21, இரவு

பிழை இல்லை. அகராதியில் முதல் பொருளைப் படித்துவிட்டு மூடிவிட்டீர்கள் தம்பி, இன்னும் கீழே போகணும்.

முதலில் ஊர்க்கணக்கு. 1994-ல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூரும் சேர்ந்துதான் மாநகராட்சி ஆனது. அதற்கு முன்னால் இவையெல்லாம் தனித்தனி ஊர். தாமிரபரணி ஆற்றுக்குக் கிழக்கே பாளை, மேற்கே நெல்லையப்பர் கோயிலையும் நாலு ரத வீதியையும் சுற்றி வளர்ந்த பழைய திருநெல்வேலி. அந்தப் பழைய திருநெல்வேலிதான் டவுன். அது இங்கே அளவைச் சொல்லும் சொல் அல்ல, இடத்தின் பெயர். சென்னைக்காரரான உங்களுக்கு ஜார்ஜ் டவுனும் பார்க் டவுனும் தெரியும். அவையும் மாநகராட்சிக்குள்தான் இருக்கின்றன. அதை யாரும் பிழை என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஜூன் 22

ராத்திரி அவசரமாக எழுதியது. சொல்லவேண்டிய பெரிய விஷயம் இதுதான்.

'டவுன்' என்ற சொல்லின் பழைய ஆங்கில வடிவம் 'டூன்'. அதற்கு முதல் பொருள் நகரம் கிடையாது. வேலி அடைத்த இடம். ஒரு குடும்பத்தின் வீடு, தொழுவம், களம், அதைச் சுற்றி ஒரு அடைப்பு, அவ்வளவுதான் டூன். பிறகு அந்த அடைப்புக்குள் நாலைந்து வீடு வந்து சிற்றூர் ஆனது, கடைசியில்தான் நகரம். ஜெர்மன் மொழியில் இதே வேரிலிருந்து வந்த 'ட்சவுன்' இன்றைக்கும் வேலி என்றே பொருள்படும். டச்சு மொழியில் அதே வேர் தோட்டம் என்று ஆகிவிட்டது. 1658-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்களே, அந்த டச்சுக்காரர்கள் வீட்டுத் தோட்டத்தைச் சொன்ன சொல்லும் நம் டவுனும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வாஷிங்டன், வெலிங்டன், பிரைட்டன் என்று முடியும் பெயர்களின் வாலில் தொங்குவதும் இந்த டூன்தான்.

இப்போது நம் ஊர்ப் பெயரைப் பாருங்கள். வேதசர்மா சுவாமி நைவேத்தியத்துக்கு யாசகம் வாங்கிய நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார். மழை கொட்டியது. ஓடிவந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல் மட்டும் நனையாமல் கிடக்கிறது. இறைவன் நெல்லுக்கு வேலி கட்டிக் காத்தான், அதனால் நெல்வேலி. ஸ்தல புராணம் தெரியாத பிள்ளை இங்கே கிடையாது.

வேலி என்று பெயர் கொண்ட ஊருக்கு, வேலி என்று பிறந்த ஆங்கிலச் சொல்லை வால்பெயராக ஒட்டியிருக்கிறோம். யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. ரயில்வே போர்டில் 'திருநெல்வேலி டவுன்' என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். பல வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளைகளிடம் இதைச் சொன்ன அன்றைக்கெல்லாம் வகுப்பு முடிய மனசே வராது.

ஜூன் 22, மாலை

பேட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார், வேலி என்பது நில அளவுதானே, நெல் விளையும் ஒரு வேலி நிலம் என்று ஏன் கொள்ளக்கூடாது என்று.

நல்ல கேள்வி. ஆனால் இருபது மா ஒரு வேலி என்பது தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கு, கிட்டத்தட்ட 6⅔ ஏக்கர். இங்கே நம் பெரியவர்கள் வயலைச் சொன்னது விதைப்பாட்டில், அதாவது அதில் விதைக்க வேண்டிய நெல்லின் அளவில். 'மூணு மரக்கால் விதைப்பாடு', 'அரைக்கோட்டை விதைப்பாடு' என்றுதான் என் தாத்தா சொல்லுவார். அவர் வாயில் வேலி என்றால் உடைமுள் வேலிதான். அதனால் நான் புராணத்தின் பக்கம் நிற்கிறேன். அந்த நில அளவுமேகூட அடைப்பு என்ற பொருளிலிருந்து கிளைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆங்கிலத்தில் வேலி ஊரானது, காவிரிக்கரையில் வேலி வயலானது என்றால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஜூன் 24

"அளவு விஷயத்துக்குப் பதிலே சொல்லவில்லையே" என்று கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். நியாயம்தான்.

இங்கிலாந்திலேயே டவுனுக்கும் சிட்டிக்கும் வித்தியாசம் அளவில் இல்லை. சிட்டி என்பது அரசர் அல்லது அரசி கொடுக்கும் அந்தஸ்து. வெல்ஸ் என்று ஒரு ஊர், பெரிய தேவாலயம் உண்டு, ஜனத்தொகை சுமார் 11,000, அது சிட்டி. ரெடிங் என்று ஒரு ஊர், ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஜனம், பலமுறை மனுப் போட்டும் கிடைக்கவில்லை, இன்னும் டவுன். மில்டன் கீன்ஸ் 2022-ல்தான் சிட்டி ஆனது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் காடு, வயல் எல்லாம் அடங்கிய முழு நிலப்பரப்புக்கும் டவுன் என்றே பெயர். அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் கூடி வரவுசெலவை முடிவு செய்யும் டவுன் கூட்டம் இன்றும் நடக்கிறது, நம் கிராம சபை மாதிரி. ஸ்காட்லாந்தில் நாலு குடும்பம் சேர்ந்து உழுத பண்ணைக்கும் 'டூன்' என்றே பெயர். ஆக அளவு என்பது நாட்டுக்கு நாடு மாறுகிற சங்கதி.

இந்தியாவில் அளவு வைத்திருப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நகராட்சி, பேரூராட்சி என்று சட்டப்படி அறிவித்தால் அது டவுன். அறிவிக்காவிட்டாலும் மூன்று நிபந்தனை நிறைந்தால் கணக்குக்கு டவுன்: குறைந்தது 5,000 பேர், வேலை பார்க்கும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் விவசாயம் அல்லாத தொழிலில், சதுர கிலோமீட்டருக்கு குறைந்தது 400 பேர். பெண்கள் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை மாதிரி ஊர்களில் பீடி சுற்றுவதும் பாய் முடைவதும் யார் கை என்று பார்த்தவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு ரொம்பவே உறுத்துகிறது.

முக்கூடல், வீரவநல்லூர், பத்தமடை மூன்றும் பேரூராட்சிகள். சேரன்மகாதேவியும் அப்படித்தான். சனங்கள் வாயில் 'டவுன் பஞ்சாயத்து'. ஆனால் சேரன்மகாதேவிக்காரர் ஒருவர்கூடத் தன் ஊரை டவுன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கும் டவுன் என்றால் நெல்லையப்பர் இருக்கிற இடம்தான்.

ஜூன் 25

இதற்கு ரயிலையும் சேர்த்துப் பார்க்கணும். மெயின் லைன் போட்டபோது பல ஊர்களில் தண்டவாளம் பழைய ஊரை விட்டு விலகித்தான் போனது. அந்த விலகின இடத்தில் கிளைப்பாதை பிரிந்தால் அது ஜங்ஷன். கிளைப்பாதை பழைய ஊரைத் தொட்டுப் போகும் இடத்தில் இன்னொரு ஸ்டேஷன், அது டவுன். சேலம் டவுன், திருச்சி டவுன், நாகர்கோவில் டவுன் என்று ஸ்டேஷன் பெயர்கள் இருக்கின்றன. நமக்குத் தென்காசி லைனில் திருநெல்வேலி டவுன்.

பல ஊர்களில் அது ஸ்டேஷன் பெயரோடு நின்றுவிட்டது. இங்கே ஜங்ஷனும் டவுனும் ஸ்டேஷனை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டன. "ஜங்ஷன்ல வீடு பாத்துருக்கேன்" என்றால் தண்டவாளத்துப் பக்கத்தில் என்று இங்கே யாரும் நினைக்கமாட்டார்கள். மீனாட்சிபுரமாக இருக்கலாம், கைலாசபுரமாக இருக்கலாம்.

நாகர்கோவில் பக்கம் ஜங்ஷன் என்றால் ரோடு கூடும் இடம். அங்கிருந்து வந்த உறவுக்காரப் பையனிடம் "ஜங்ஷன்ல இறங்கிரு" என்றேன். "எந்த ஜங்ஷன் மாமா?" என்று கேட்டான். நமக்கு ரோடு கூடினால் முக்கு. சந்திப்பிள்ளையார் முக்கு இருக்கும்போது நமக்கு எதற்கு வேறு சொல்?

ஜூன் 25, இரவு

ஐகிரவுண்டை விட்டுவிட்டேனே என்று பாளையிலிருந்து ஒரு தங்கச்சி. ஆமாம், அதையும் சேர்க்கணும். மேட்டு நிலம் என்ற சாதாரணச் சொல் ஒரு இடத்தின் பெயராகி, பிறகு அங்கே இருக்கும் அரசு ஆஸ்பத்திரியின் பெயராகிவிட்டது. "ஐகிரவுண்டுக்குக் கொண்டு போயிட்டாவளாம்" என்றால் மேடும் நினைவுக்கு வராது, நிலமும் வராது, வயிற்றில் ஒரு கலக்கம்தான் வரும்.

ஜூன் 27

இலக்கணம்.

ஆங்கிலத்தில் ஒரு பொருளுக்கு முன்னால் 'எ', 'தி' என்று ஏதாவது வைத்தாகணும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் டவுனுக்குப் பல இடங்களில் அது வேண்டாம். 'இன் டவுன்', 'அவுட் ஆஃப் டவுன்', 'கோ டு டவுன்' எல்லாம் மொட்டையாகத்தான் வரும். வீடு, பள்ளிக்கூடம், தேவாலயம் மாதிரி, பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் 'எது' என்று சந்தேகமே இல்லாத இடம் என்பதால். லண்டனைச் சுற்றி இருந்தவர்கள் பெயர் சொல்லாமல் 'டவுன்' என்றால் லண்டன். நம் மானூர்க்காரர் பெயர் சொல்லாமல் டவுன் என்றால் நெல்லையப்பர் கோயில் வாசல். ரெண்டும் ஒரே வழக்கம். கேள்வி கேட்டவர் பிழை என்றது ஆங்கிலத்தின் மிக இயல்பான பிரயோகத்தை.

என் வகுப்பில் ஒரு பையன், அப்பா கையெழுத்துப் போட வராததற்குக் காரணம் எழுதி வந்தான். 'மை ஃபாதர் இஸ் அவுட் ஆஃப் தி டவுன்.' சிவப்பு மையில் அந்த 'தி'யை அடித்தேன். ஏன் சார் என்று கேட்டான். "உங்க அப்பா வீட்டுல இல்லன்னா தமிழ்ல என்ன சொல்லுவ?" "ஊர்ல இல்ல சார்." "எந்த ஊர்லன்னு சொல்லுவியா?" சொல்லமாட்டான். 'அப்பா ஊர்ல இல்ல' என்பதில் வரும் ஊர்தான் அந்த மொட்டை டவுன். அதன்பின் அந்த வகுப்பில் யாருக்கும் அந்தத் தவறு வரவில்லை. விதியாகச் சொன்னபோது நிற்காதது, சொந்தப் பேச்சில் காட்டினதும் நின்றது.

ஜூன் 28

"டவுன் பேங்க்ல செர்வர் டவுன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாய்விட்டுச் சிரித்தேன்.

தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றுதான், ஓசையைக் கொண்டு பிரிக்க நம் எழுத்தில் வழி இல்லை. இன்னொரு விஷயம், கீழே என்னும் அந்த 'டவுன்' பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறித்த 'டூன்' (dūn) என்ற சொல்லிலிருந்து வந்தது; வேலி என்ற 'டூன்' (tūn) வேறு சொல். குன்றிலிருந்து இறங்கி என்பது சுருங்கிக் கீழே என்றானது. கெல்ட் மொழிகளில் கோட்டைக்கு 'டூன்' என்றே பெயர், இந்தச் சொற்களுக்கெல்லாம் தூரத்து உறவு உண்டு என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அப்படிப் பார்த்தால் வேலி ஆற்றுக்கு மேற்கே நெல்வேலியில், கோட்டை கிழக்கே பாளையங்கோட்டையில். இதில் நான் கொஞ்சம் ஆசையாகத்தான் இழுக்கிறேன், ஆனால் விட மனசில்லை.

ஜூன் 30

இன்றைக்குக் கோயிலில் ஆனித் திருவிழாக் கொடியேற்றம். காலையில் ரத வீதியில் நடந்துகொண்டே காதைத் திறந்து வைத்திருந்தேன். டவுனுக்குள் இருப்பவர்கள் டவுன் என்று சொல்வதில்லை.

என் ஆச்சி பிறந்து வாழ்ந்ததெல்லாம் தெற்கு ரத வீதிக்குப் பின்னால். அவள் வாயில் அந்தச் சொல் வந்ததே கிடையாது. 'சன்னதிக்குப் போறேன்', 'வாகையடி முக்குல வாங்கினேன்', 'பெரிய தெருவுல' என்பாள். ஆற்றைத் தாண்டினால் 'பாளைக்கு'. ரயிலடிக்குப் போனால் 'ஜங்ஷனுக்கு'. பேட்டையில் கட்டிக்கொடுத்த என் சித்திக்குத்தான் அது டவுன். கல்யாணம் ஆன வருஷமே "அம்மா, டவுனுக்கு வாரேன்" என்று ஆள் சொல்லி அனுப்பினாளாம். ஆச்சிக்குக் கோபம். "பொறந்த வீட்ட டவுனுங்கா பாரு!"

ஆக இது உள்ளே இருப்பவர் சொல் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர் சொல். வேலி வெளியே நிற்பவன் கண்ணுக்குத்தான் முதலில் படும். 22-ஆம் தேதி எழுதியதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறேன், சரியாக விழுகிறது.

ஜூலை 2

கொஞ்சம் தடம் விலகுகிறேன். ஆக்ஸ்போர்டில் 'டவுன் அண்ட் கவுன்' என்று ஒரு வழக்கு. கவுன் போட்ட மாணவர், ஆசிரியர் ஒரு பக்கம், ஊர்க்காரர் ஒரு பக்கம். 1355 பிப்ரவரியில் ஒரு மதுக்கடையில் ஒயின் சரியில்லை என்று மாணவர்கள் தகராறு செய்ய, அது ஊர்ச் சண்டையாகி அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிராயச்சித்தமாக ஊர் மேயர் வருஷா வருஷம் போய் அபராதம் கட்டினார், 1825 வரைக்கும்.

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1923-ல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி, சாரா டக்கர் என்று கவுன் எல்லாம் அங்கே. ஆற்றுக்கு இந்தப் பக்கம் டவுன். பெயர்ப் பொருத்தம் அப்படியே இருக்கிறது, சண்டை மட்டும் கிடையாது. இருந்தாலும் என் பிள்ளைப் பருவத்தில் பாளைக்காரர்கள் பேச்சில் டவுன் என்றால் ஒரு தொனி உண்டு: கூட்டம், நெருக்கடி, கடைத்தெரு. டவுன்காரர்கள் பேச்சில் பாளை என்றால் வெயில், மதில் சுவர், படிச்ச ஆட்கள்.

இரண்டு கரைக்கும் நடுவே பாலம் வந்தது 1843-ல். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தார். அதற்கு முன்னால் வெள்ளம் வந்தால் படகுதான். அந்தக் காலத்தில் 'டவுனுக்குப் போகிறது' ஒரு பிரயாணம். இந்த வாக்கியத்தில் இன்றும் ஒரு சின்ன ஆயத்தம் ஒட்டியிருப்பது அதனாலோ என்னவோ. ஜங்ஷனுக்குச் சும்மா போவோம். டவுனுக்கு என்றால் சட்டை மாற்றுவோம்.

ஜூலை 3

டவுன் பஸ்ஸை மறந்துவிட்டோம் என்று நாலு பேர்.

அங்கே டவுன் இடமும் இல்லை, அளவும் இல்லை, பஸ்ஸின் வகை. எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும், டிக்கெட் கம்மி. மறுபக்கம் மொபசல் பஸ். அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக அரசாங்கக் கச்சேரிக்கு வந்த சொல் அது, தலைமை ஊரைத் தவிர்த்த மற்ற பகுதி என்று பொருள். ஒரு பஸ் ஸ்டாண்டில் இங்கிலீஷ் ஒரு பக்கம், பாரசீகம் ஒரு பக்கம், நடுவில் நாம். டவுன் பஸ் டவுனைத் தாண்டி வயல்காட்டு ஊர்வரைக்கும் போகிறது, ஆனாலும் அது டவுன் பஸ்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "இது டவுன் பஸ்ஸா?" என்று ஏறும் முன் கேட்கிற அக்காமார் கேள்வியில் இப்போது அந்தச் சொல்லுக்கு இலவசம் என்றும் ஒரு பொருள் ஏறிவிட்டது. எந்த அகராதியிலும் இது இல்லை, நம் அகராதி ஒன்று வந்தால் சேர்க்கவேண்டும்.

ஜூலை 9

நேற்று தேர். ஊரே வடம் பிடித்தது.

இந்த வாக்கியத்தைத்தான் இப்போது பார்க்கணும். ஊர் என்றால் இடம், ஊர் என்றால் சனமும். ஆங்கில டவுனும் அப்படியே, 'தி ஹோல் டவுன்' வந்தது என்றால் வந்தது மனுஷர்கள். நாம் கடன் வாங்கியபோது இடத்தை மட்டும் வாங்கினோம், சனத்தை ஊரிடமே விட்டுவிட்டோம் என்று போன வாரம் ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். 'ஊர் சிரிக்கும்' என்போம், 'டவுன் சிரிக்கும்' என்போமா?

நேற்று அதற்கு ஒரு திருத்தம் கிடைத்தது. வடத்துக்குப் பக்கத்தில் வியர்த்து நின்ற ஒரு பையன் போனில் கத்தினான், "ஏலே, டவுனே இங்கதாம்ல நிக்குது, நீ எங்கல கெடக்க?" இருபது வயசு இருக்கும். ஆகச் சனமும் உள்ளே ஏறத் தொடங்கியிருக்கிறது. எங்கள் வயசுக்காரர் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இளையவர்கள் சொல்லி நீங்கள் கேட்டிருந்தால் எழுதுங்கள், எந்த ஊர்ப்பக்கம் என்பதோடு.

ஜூலை 10

டவுன் என்பதை எடுத்துவிட்டு 'நகர்' என்று தமிழில் வைக்கலாமே என்று ஒரு யோசனை. தமிழ் மேல் அக்கறையோடு சொன்னது, எனக்கும் அந்த அக்கறை உண்டு. ஆனால் சங்கப் பாட்டில் நகர் என்றால் பல இடங்களில் வீடு, மாளிகை, கோயில். அதுவும் ஒரு வீட்டிலிருந்து கிளம்பித்தான் ஊர்வரைக்கும் வந்திருக்கிறது, டூன் நடந்த அதே வழி. பொதுப்பெயராக வரும்போது பேரூர், நகரம் என்று தாராளமாகத் தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும். இடப்பெயராக நிற்கும்போது மாற்றினால் ஆள் தொலைந்துபோவான். 'திருநெல்வேலி நகர்' என்று கண்டக்டரிடம் கேட்டுப் பாருங்கள், "எந்த நகரு? என்.ஜி.ஓ. காலனி தாண்டி நூறு நகரு கெடக்கு" என்பார்.

ஜூலை 12

முதலில் கேட்ட தம்பியே கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார். அலுவலகப் படிவத்தில் 'ஹோம் டவுன்' என்று கட்டம் இருக்கிறது, அப்பா ஊர் நாங்குநேரி பக்கத்தில் ஒரு குக்கிராமம், அதை எழுதலாமா, பக்கத்து டவுனை எழுதணுமா?

கிராமத்தையே எழுதுங்கள். அங்கே டவுன் என்றால் சொந்த ஊர், அளவு பார்க்கிற பொருள் அங்கே கிடையாது. மத்திய அரசு ஊழியர் விடுப்புப் பயணச் சலுகைக்குக் கொடுக்கும் ஹோம் டவுன் இருபது வீட்டுக் கிராமமாக இருந்தாலும் செல்லும். ஆனால் ஒரு தடவை பதிந்துவிட்டால் மாற்றுவது சுலபம் இல்லை, அதனால் அப்பாவிடம் கேட்டு ஊர்ப்பெயரின் எழுத்தைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். நம் பக்கம் ஒரே பெயரில் மேலூர், கீழூர், புதூர் என்று ஏகப்பட்டது உண்டு, தாலுகாவையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.